பயம் மட்டுமா போச்சு

கிளினிக்கிலிருந்து திரும்பிய அன்றே பொழச்சான் வீட்டில் சட்டம் போட்டுவிட்டான். இனி இங்கே யாரும் குரலை உயர்த்தக் கூடாது. கெட்ட சேதி எதுவானாலும் வாசலோடு நின்றுகொள்ள வேண்டும். டிவியில் செய்தி கிடையாது. பிள்ளைத்தாய்ச்சி காதில் நல்லது மட்டும்தான் விழ வேண்டும். நல்லது எதுவும் கைவசம் இல்லாதவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம்.

பொழச்சான் என்பது தெரு வைத்த பேர். மூத்த மகள் பாப்பா அம்மா வயிற்றில் இருந்தபோது அவனுடைய சலவைக்கூடத்துப் பாய்லர் வெடித்தது. யார்மேலும் தப்பில்லை. பழைய இரும்பு, எங்கோ உள்ளுக்குள் இற்றுப்போயிருந்தது, அவ்வளவுதான். சுவர் அவன்மேல் சரிந்தது. ஆள் முடிந்தான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நினைவில்லாமலே மாதங்களைக் கழித்துவிட்டு, பாப்பா பிறப்பதற்குச் சற்று முன்னால் கண்ணைத் திறந்தான். அதற்குப் பிறகு அவனுடைய சொந்தப் பேரை யாரும் உபயோகிக்கவில்லை. அவனே போனை எடுத்தால் "பொழச்சான் பேசறேன்" என்பான்.

சலவைக்கூடம் வீட்டின் பின்பக்கம். சமையலறைக் கதவைத் திறந்தால் வெந்நீர் ஆவியும் சலவைச் சோடா நெடியும் முகத்தில் அடிக்கும். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள், ஓட்டல் மேசைத் துணிகள், முடிதிருத்தும் கடைத் துண்டுகள் என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கறை பார்த்துப் பிரித்து, ஊறவைத்து, எந்திரத்தில் போட்டு, பிழிந்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு மடித்து அனுப்ப வேண்டும். எந்திரங்கள் உறுமுகிற உறுமலில் பக்கத்தில் நிற்பவனிடம் கத்தித்தான் பேச வேண்டும். அந்த இடத்தில் போய்ச் சத்தம் போடாதே என்றால் என்ன செய்வது? ஆட்கள் கையைக் காலை ஆட்டி ஜாடை பேசிக்கொண்டு திரிந்தார்கள்.

சட்டத்தால் அதிகம் அடிபட்டவன் அவனுடைய தம்பி. அவனுக்கு ரேடியோ என்று பேர். வாயைத் திறந்தால் கரண்ட் போனால்தான் நிற்கும் என்று அர்த்தம். பேச்சு முட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் அவன் தெருவுக்கு ஓடிப்போய், அகப்பட்டவர்களிடம் கொட்டிவிட்டு வந்தான்.

ஒருநாள் ஓட்டல் மேனேஜர் ஒரு மேசை விரிப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். குழம்புக் கறை அப்படியே இருந்தது. பொழச்சான் அவரைத் தோளோடு அணைத்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"திட்டறதுன்னா திட்டுங்க சார். மெதுவாத் திட்டுங்க."

"ஏன் குசுகுசுங்கறீங்க? உள்ள யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"வீட்டுக்காரி முழுகாம இருக்கா சார்."

"நல்ல விஷயம்தானே. அதுக்கும் இந்தக் கறைக்கும் என்ன சம்பந்தம்?"

"அவ காதுல விழுந்தா வருத்தப்படுவா. அவ வருத்தப்பட்டா கொழந்தைக்கு மூளை..." அவன் திரும்பி உள்ளே பார்த்தான். மேனேஜர் விரிப்பை அவன் கையில் திணித்துவிட்டு, இவனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்பதுபோலப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

கிளினிக்கில் நடந்தது இதுதான். நர்ஸ் மனைவியின் கையைப் பிடித்து ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே, "மொத பிரசவம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

மனைவியைச் சலவைக்கூடத்தில் மேஸ்திரி என்பார்கள். அவன் நினைவில்லாமல் கிடந்த காலத்தில் கூடத்தை எடுத்து நடத்தியவள் அவள். அப்போது ஒட்டிக்கொண்ட பேர். எதையும் வளைத்துப் பேசத் தெரியாது. "மாசமா இருந்தப்ப இவரு ஆஸ்பத்திரில நெனப்பில்லாமக் கெடந்தாரு. நான் பாதி நாள் இவர்கிட்ட, பாதி நாள் வேலைல. பொண்ணு மாசம் முழுசாகறதுக்குள்ள பொறந்துட்டா" என்றாள்.

"இப்ப பொண்ணு எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. கொஞ்சம் நிதானம். மூணு வேலை சொன்னா ஒண்ணு ஞாபகம் இருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கறதுக்கு மத்த புள்ளைங்களவிட நாளாச்சு. ஸ்கூல்ல ஒரு தடவ சோதிச்சுப் பாருங்கன்னு சொல்றாங்க."

நர்ஸ் தலையாட்டினாள். "வயித்துல இருக்கறப்ப அம்மாவுக்கு ரொம்ப நாள் பயம், கவலைன்னு இருந்தா, சில பிள்ளைங்களுக்குப் பின்னாடி ஞாபகத்துல, கவனத்துல கொஞ்சம் தெரியலாம். எல்லாருக்கும் இல்ல. எதுக்குச் சொல்றேன்னா, இந்தத் தடவ மனசுல பாரம் ஏதாவது இருந்தா உள்ளயே வச்சுக்காம வந்து சொல்லுங்க."

அவள் சொன்னதில் 'சில' இருந்தது, 'கொஞ்சம்' இருந்தது, 'லாம்' இருந்தது. பொழச்சான் காதில் அவை மூன்றும் ஏறவில்லை. மிச்சம்தான் ஏறியது. பாப்பா பால் வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்து வாசலில் நின்று யோசிப்பதும், படித்த வரியையே விரலால் தடவித் தடவித் திரும்பப் படிப்பதும் இத்தனை நாள் அவனுக்கு அவளுடைய சுபாவமாகத் தெரிந்தது. இப்போது ஒவ்வொன்றும் தான் படுக்கையில் கிடந்து செய்த காரியமாகத் தெரிந்தது. துண்டுகளை அவள் நிறம் பார்த்து அடுக்கும்போது அவன் தூரத்தில் நின்று பார்ப்பான். அவள் கை நடுவில் நின்றுபோகும். எங்கே விட்டோம் என்று தேடுவாள். அவன் கிட்டே போய் எடுத்துக் கொடுத்துவிடுவான்.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. துணி வெளியே காய வழியில்லை. உலர்த்தும் அறைக்குள் கயிறு கயிறாக வெள்ளை விரிப்புகள் தொங்க, சூட்டுக் குழாய்கள் இரவும் பகலும் ஓடின. மேஸ்திரிக்கு வயிறு நன்றாக மேலே ஏறிவிட்டது. உட்கார் என்று அவன் ஒரு நாற்காலி போட்டிருந்தான். அவள் அதன்மேல் மடித்த துணியை அடுக்கி வைத்தாள்.

ஒரு மத்தியானம் உலர்த்தும் அறையில் குழாய் இணைப்பு ஒன்று விட்டுப்போய் ஆவி 'உஸ்' என்று பீறிட்டது. பெரிய விஷயமில்லை. வால்வை மூடிவிட்டு வாஷரை மாற்றினால் முடிந்தது. ஆனால் அந்தச் சத்தம் பொழச்சான் எலும்புக்குள் இருந்த சத்தம். எங்கிருந்து ஓடி வந்தான் என்று அவனுக்கே தெரியாது. மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "ஓடுங்க, எல்லாரும் ஓடுங்க" என்று அலறிக்கொண்டு முற்றத்துக்குப் பாய்ந்தான். கொட்டுகிற மழையில் அவளைச் சுவரோரம் நிறுத்தி, முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றான்.

ரேடியோ உள்ளேயிருந்து தலையை நீட்டினான். "அண்ணே, வால்வ மூடிட்டேன். வாஷர் தேஞ்சிருக்கு. இத நான் சத்தமா சொல்லலாமா, தெருவுக்குப் போய்ச் சொல்லணுமா?"

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிக்கும்போது அது கோபமாக மாறியிருந்தது.

"என் நெஞ்சத் தொட்டுப் பாருங்க. எப்படி அடிக்குதுன்னு பாருங்க. குழாய் விட்டப்ப அடிக்கல. நீங்க இழுத்த இழுப்புலதான் அடிக்குது."

அவன் விரித்த கைகளை இன்னும் இறக்கவில்லை. அவள் அதைப் பார்த்தாள். குரல் இறங்கியது.

"உள்ள வாங்க. ரெண்டு பேரும் நனைஞ்சு நிக்கறோம்."

இஸ்திரி அறை வெதுவெதுப்பாக இருந்தது. அவள் துணி மாற்றிக்கொண்டு வந்து, ஒரு படுக்கை விரிப்பின் ஒரு முனையை அவனிடம் நீட்டினாள். பெரிய விரிப்பை ஒருவர் தனியாக மடிக்க முடியாது. எதிரெதிராக நின்று, இழுத்து, உதறி, முனையோடு முனை சேர்க்க நடந்து நெருங்க வேண்டும். அப்படி நெருங்குவதும் விலகுவதுமாக அவள் பேசினாள்.

"இத்தன வருஷத்துல நீங்க ஒரு தடவகூட என்னக் கேட்டதில்ல. நீங்க படுத்திருந்தப்ப என்ன நடந்துச்சுன்னு."

"கேக்க பயமா இருந்துச்சு."

"தெரியும். அதனாலதான் நானும் சொல்லல. இப்பச் சொல்றேன், கேட்டுக்குங்க. பயந்தேன். நெசமாவே பயந்தேன். மொத வாரம் எச்சில் முழுங்க முடியல. பல்லு தானா அடிச்சுக்கும். ஒருநாள் காலைலேர்ந்து வயித்துல அசைவே இல்ல. டாக்டர்கிட்ட ஓடினேன். அவங்க காது வச்சுக் கேட்டுட்டு, இருக்கு, நல்லாத் துடிக்குது, நீ சாப்பிடாததால அது சும்மா படுத்திருக்குன்னாங்க. வாசல்ல ஒரு கடைல ரொட்டியும் முட்டையும் வாங்கித் தின்னேன். அழுதுகிட்டே தின்னேன். பஸ் ஏறறதுக்குள்ள உள்ள ஒரு புரட்டு புரண்டா பாருங்க."

அவள் விரிப்பை உதறினாள். அவன் முனையை நழுவவிட்டுவிட்டுக் குனிந்து எடுத்தான்.

"அன்னிலேர்ந்து அவகிட்ட பேச ஆரம்பிச்சேன். பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து மெதுவாப் பேசுவேன். பாலம் வந்துடுச்சு, ஆஸ்பத்திரி வந்துடுச்சு, இப்ப மாடி ஏறப்போறோம்னு எல்லாம் சொல்லுவேன். பக்கத்துல உக்காந்தவங்க எந்திரிச்சுப் போயிடுவாங்க. லூசுன்னு நெனச்சிருப்பாங்க."

"அப்புறம்?"

"உங்கள கொஞ்ச நேரம்தான் பாக்க விடுவாங்க. மூக்குல குழாய், வாய்ல குழாய். தொடறதுக்குன்னு கையி ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. அத எடுத்து என் வயித்துமேல வைப்பேன். உங்களுக்குத் தெரியாது. கையி செத்த மாதிரி கனமாக் கெடக்கும். வச்ச கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அவ உள்ளேர்ந்து தள்ளுவா. சரியா கையி இருக்கற எடத்துல. கைய எடத்த மாத்தி வச்சா அங்க வந்து தள்ளுவா. நான் நெனச்சுக்கறேனோன்னு நர்ஸக் கூப்பிட்டுக் காட்டினேன். அவங்களும் பாத்தாங்க. தெனமும் இதான். நீங்க அசையல. அவதான் உங்கள அசைச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா."

எந்திரங்களின் உறுமல் சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது. பொழச்சான் விரிப்பின் முனையைப் பிடித்தபடியே நின்றான். அந்த மாதங்கள் அவனுக்கு ஓர் இருட்டுக் குழி. அதற்குள் எட்டிப்பார்க்கவே அவனுக்குத் தைரியம் வந்ததில்லை. அந்த இருட்டுக்குள் ஆள் இருந்திருக்கிறது. இன்னும் முகம்கூட வெளியே தெரியாத ஒரு ஜீவன், தோலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, அவன் கையைத் தேடி வந்து தட்டியிருக்கிறது. தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். சோடா தின்ற, வெடித்த கை. அதற்கு ஒன்றும் ஞாபகமில்லை.

"அவளுக்கு என் பயம் போயிருக்காதுன்னு சொல்லல" என்றாள் மேஸ்திரி. "போயிருக்கும். போகாம எப்படி இருக்கும்? ஒரே ரத்தம். ஆனா பயம் மட்டுமா போச்சு? நான் தின்ன ரொட்டி போச்சு. பேசின பேச்சு போச்சு. நீங்க அத மட்டும் தனியா பிரிச்சு எடுத்து வச்சுக்கிட்டு வீட்டையே ஆஸ்பத்திரி ஆக்கி வச்சிருக்கீங்க. எனக்கு மூச்சு முட்டுதுங்க."

அவள் கடைசி மடிப்புக்காக நெருங்கி வந்து அவன் கையிலிருந்த முனையை வாங்கிக்கொண்டாள். அவன் திரும்பினான். கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த தம்பியைப் பார்த்து, "என்னடா, பேசித் தொலையேன்" என்றான். அன்று மாலைவரை ரேடியோ நிற்கவேயில்லை.

அடுத்த வாரம் பாப்பாவை அழைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனான். பிள்ளைகளின் ஞாபகத்தையும் கவனத்தையும் சோதிக்கிறவர் நரைத்த தலையும் மூக்கில் தழைந்த கண்ணாடியுமாக ஓர் அம்மா. "நீங்க பின்னாடி உக்காருங்க. அவ என்ன செஞ்சாலும் எடுத்துக் குடுக்கக் கூடாது" என்றார் அவனிடம்.

முதலில் எண்கள். அவர் சொல்லச் சொல்லப் பாப்பா திருப்பிச் சொன்னாள். எண்கள் கொஞ்சம் நீண்டதும் நடுவில் ஒன்று விழுந்துவிட்டது. இன்னும் நீண்டதும் எல்லாமே விழுந்தன. பொழச்சானின் உதடு தானாக அசைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டான். பிறகு ஒரு கதை சொல்லி அதிலிருந்து கேள்வி. பாப்பா நாய்க்கு என்ன நிறம் என்பதைச் சரியாகச் சொன்னாள். நாய் எதற்காக ஓடியது என்பதை மறந்துவிட்டாள்.

பிறகு சிவப்பும் வெள்ளையுமாக மரக்கட்டைகள். ஒரு படத்தைக் காட்டி, அதேபோல அடுக்கச் சொன்னார். கையில் ஒரு கடிகாரம். சுலபமானவற்றைப் பாப்பா அடுக்கினாள். கடைசிப் படம் சரிந்த கோடுகளாக இருந்தது. பாதியில் இருக்கும்போதே நேரம் முடிந்துவிட்டது. அந்த அம்மா கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்தார். ஆனால் கட்டைகளை எடுக்கவில்லை. பாப்பா நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. நேரம் என்று ஒன்று இருந்ததே அவளுக்குத் தெரியாது.

பொழச்சான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனையோ தடவை பார்த்த முகம். இவ்வளவு நேரம், இடையில் புகுந்து பேசாமல், பார்த்ததே இல்லை. அவள் இரண்டு கட்டைகளை வைத்தாள். படத்தைப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. தப்பு என்று தெரிந்த கணம் கண்ணில் வந்து போவதை அவன் பார்த்தான். அவள் எல்லாவற்றையும் கலைத்தாள். இந்த முறை வேறு மூலையிலிருந்து தொடங்கினாள். பாதியில் கை நின்றது. எங்கே விட்டோம் என்று தேடுகிற அதே நிற்றல்தான். வீட்டில் அந்த இடத்தில்தான் அவனோ மேஸ்திரியோ ரேடியோவோ, "இதோ இங்க வை" என்று குறுக்கே விழுவார்கள். இங்கே யாரும் விழவில்லை. அந்த நிற்றல் வெறுமையாக இல்லை என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. கண்மணிகள் மெல்ல ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே ஏதோ ஒன்று, விழுந்ததைக் குனிந்து எடுத்து, துடைத்து, மறுபடி அதன் இடத்தில் வைத்துக்கொண்டிருந்தது. யாரும் கற்றுக்கொடுக்காத வேலை. சுவர் சரிந்த காலத்தில், அழுதுகொண்டே தின்ற ரொட்டியில், ஓடுகிற பஸ்ஸில் உண்டான ஒரு மூளை, தன்னைத்தானே நடத்திக்கொண்டு போகிறது. அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூச்சைச் சத்தமாக விடக்கூடப் பயந்தான்.

அவள் ஒரு கட்டையைத் திருப்பினாள். இன்னொன்றைத் திருப்பினாள். கோடு சேர்ந்தது. சிரிக்கவில்லை. சரிதான் என்பதுபோலத் தனக்குத்தானே தலையை ஆட்டிக்கொண்டு, "இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டாள்.

பாப்பாவை வெளியே படம் வரைய உட்காரவைத்துவிட்டு அந்த அம்மா அவனிடம் பேசினார்.

"ஒரே நேரத்துல நெறைய விஷயத்த மனசுல பிடிச்சு வைக்க அவளுக்குக் கஷ்டமா இருக்கு. ஒவ்வொண்ணாச் சொல்லுங்க. நேரம் குடுங்க. ஸ்கூலுக்கும் நான் சொல்றேன்."

அவன் கேட்க வந்ததைக் கேட்டுவிட்டான். "பாய்லர் வெடிச்சதாலயாம்மா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தெரியாது. மழுப்பறேன்னு நெனக்காதீங்க. அம்மா பயந்தா உடம்புல சுரக்கறது கொஞ்சம் கொழந்தைக்கும் போகும். நஞ்சுக்கொடி காவல்காரன் மாதிரி நின்னு நெறைய தடுத்துடும், முழுசாத் தடுக்காது. ஏராளமான தாய்மாரையும் பிள்ளைங்களையும் சேத்து வச்சுப் பாத்தா ஒரு சின்ன வித்தியாசம் தெரியுது. ஆனா ஒரு பிள்ளைய முன்னாடி நிறுத்தி, இது அதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது. மாசம் முழுசாகாமப் பொறந்தது ஒரு காரணமா இருக்கலாம். ஒண்ணுமே காரணம் இல்லாம, அவ சுபாவமே அப்படியாவும் இருக்கலாம்."

"இது போயிடுமா?"

"கொஞ்சம் மாறும். கொஞ்சம் கூடவே இருக்கும். பொறந்த பிறகு வீடு எப்படி இருக்குங்கறதும் மூளைய வளக்குது. அது நிறைய வளக்குது. உங்க வீட்ல எப்படி?"

அவன் பதில் தேடுவதற்குள் கதவோரம் வந்து நின்ற பாப்பா சொன்னாள். "கொஞ்ச நாள் யாருமே பேசல. சித்தப்பா தெருவுல போய்ப் பேசினாரு. இப்பப் பேசறாங்க."

அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் சிரித்தார். பொழச்சானும் சிரித்தான்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் அமைதியாக இருந்தன என்று சொல்வதற்கில்லை. மழைத் தண்ணீர் கூடத்துக்குள் புகுந்து ஒரு மோட்டாரைத் தின்றது. ரேடியோ பைக்கிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டு, படுத்த இடத்திலிருந்தே ஒலிபரப்பினான். மேஸ்திரி இரண்டுக்கும் கவலைப்பட்டாள்; கவலையைச் சத்தமாகச் சொன்னாள். பொழச்சான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான், கால் வீங்கியிருந்தால் பிடித்துவிட்டான். மனது தாங்காத நாட்களில் அவளே கிளம்பி நர்ஸிடம் போய்ப் பேசிவிட்டு வந்தாள். பாப்பா தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவின் வயிற்றருகே குனிந்து அன்றைக்குப் படித்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டுவாள். தடுமாறினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களைப்போல வயிறு எங்கேயும் எழுந்து போகவில்லை.

குழந்தை ஒரு முற்பகலில் பிறந்தது. பெண். பொழச்சான் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தபோது அது வீல் வீல் என்று கத்திக்கொண்டிருந்தது. மேஸ்திரி களைத்துப்போய்த் தட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக வெயில் கட்டிலின் கால்மாட்டில் விழுந்திருந்தது.

பாப்பா கிட்டே போனாள். என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில், தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வரியை, எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோலவே, மெதுவாகச் சொன்னாள்.

குழந்தையின் அழுகை நின்றது. நடுவில் அறுந்ததுபோல நின்றது. அது தலையைக் கொஞ்சம், பார்க்கிறவர்கள் நம்ப மறுக்கிற அளவுக்குக் கொஞ்சமே, குரல் வந்த பக்கம் திருப்பியது. கண் சரியாகத் திறக்கவில்லை. வாய் பாதி திறந்தபடி இருந்தது. சுருங்கிய நெற்றியில் ஒரு மெல்லிய கோடு விழுந்தது.

மேஸ்திரி தட்டுவதை நிறுத்திவிட்டாள். பொழச்சான் மகளைப் பார்த்தான், அந்தச் சின்னதைப் பார்த்தான்.

"என்ன செய்யுது அது?" என்றான்.

பாப்பா உடனே பதில் சொல்லவில்லை. தங்கையின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் கேள்வியைத் திரும்பக் கேட்காமல் நின்றான்.

"யோசிக்கிறாப்பா" என்றாள் பாப்பா. "விடுங்க, மெதுவா யோசிக்கட்டும்."